ஸ்பிட்ஃபயர் மார்க் 3: முன்பக்கம், பின்பக்கம், பிரேக் எல்லாம் கழற்றிப் போட்டாயிற்று, இனி என்ன?

நாகமலை மஞ்சள்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1968 ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்று இருக்கிறது. கொடைக்கானலில் ஒரு பங்களா ஷெட்டில் இருபது வருடத்துக்கு மேல் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. எப்படிக் கைக்கு வந்தது என்பது குடும்பக் கதை, சொந்தக்காரர்கள் யாராவது இங்கே படித்துத் தொலைப்பார்கள், விட்டுவிடுவோம். இன்ஜின் போன வருடமே ஓட ஆரம்பித்துவிட்டது, 1296 சி.சி., சத்தம் கேட்டால் சோறு வேண்டாம். ஓடுவதில் சிக்கல் இல்லை, நிற்பதிலும் திரும்புவதிலும்தான்.

பிரேக் முதல் மிதியில் தரை வரை போகிறது, இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது, பிடித்தால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே மஞ்சள் பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி உரிந்திருக்கிறது. வேகத்தடையில் ஏறினால் முன் இடது சக்கரத்தில் 'டொக்'. பின்பக்கம் இரண்டு சக்கரமும் மேல்பாகம் உள்ளே சாய்ந்து, வாத்து நடக்கிற மாதிரி நிற்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. வேலை வேறு, ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் பட்டறை, அதுவும் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மதியம் பன்னிரண்டுக்கு மேல் ஸ்பானரைக் கையில் பிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகச் சரி செய்வதா, இல்லை மொத்தமாகக் கழற்றுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெரால்டு வீட்டுப் பிள்ளை

மொத்தமாகக் கழற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். இருபது வருடம் நின்ற வண்டியில் ரப்பர் என்று பெயர் வைத்த எதையும் நம்பக்கூடாது.

ஒரு நல்ல செய்தி. உங்கள் வண்டி பார்க்கத்தான் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், அடியில் அது நம்ம ஊர் ஹெரால்டின் தம்பி. 1959-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரயம்ப் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, அதே இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த இன்னொரு உடம்பைப் போட்டு 1962-ல் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர். அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் மெட்ராசுக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்து விற்றது. அதனால் முன்பக்கம் ட்ரன்னியன் (சக்கரத்தைப் பிடிக்கிற தண்டின் கீழ்முனை உட்காருகிற கட்டி), நைலான் புஷ், மேல் பால் ஜாயின்ட் எல்லாம் ஒரே குடும்பம். சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ பொறுமையாகத் தேடினால் இன்னும் சிக்கும். ஆனால் அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டிஸ்க் பிரேக் மட்டும் சிக்காது, நம்ம ஹெரால்டுக்கு நாலு பக்கமும் டிரம்.

இப்போது கேள்வி. உங்கள் ட்ரன்னியனில் என்ன இருக்கிறது, கிரீஸா ஆயிலா? கழற்றியதும் முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள். கிரீஸ் இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்பாவிடம் ஹெரால்டு இருந்தது. எனக்கு எட்டு வயது. வீட்டு வாசலில் வண்டியைத் திருப்ப ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார், நடக்கிற வேகம்கூட இல்லை, சட்டென்று வலது முன்சக்கரம் படுத்துவிட்டது. வீலைப் பிடித்திருக்கும் செங்குத்துத் தண்டு மரை இருக்கிற இடத்தில் முறிந்திருந்தது. அரை மணி நேரம் முன்னால்தான் திருமங்கலத்திலிருந்து நாங்கள் ஐந்து பேரும் அதில் வந்திருந்தோம். ஒவ்வொரு சர்வீசிலும் தவறாமல் கிரீஸ் அடித்த வண்டி அது.

சந்தேகப் பிராணி

கிரீஸ் அடித்தும் உடைந்ததா, கிரீஸ் அடித்ததால் உடைந்ததா? எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன், நாற்பது வருடமாக எல்லா வண்டிக்கும் கிரீஸ்தான், ஆயில் ஊற்றினால் ஒழுகிப் போகும் என்கிறார்.

இன்னொன்று. எதற்கு இந்தத் தலைவலி? மாருதி டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரையும் மாட்டிவிட்டால் சாமான் எந்தத் தெருவிலும் கிடைக்குமே.

கவென்ட்ரி போன மதுரைக்காரன்

அண்ணன் சொல்வது பாதி சரி, ஆயில் ஒழுகத்தான் செய்யும், ஒழுகினால் மறுபடி ஊற்ற வேண்டும். அதுதான் அதன் வைத்தியம்.

ட்ரன்னியன் என்பது மற்ற வண்டிகளில் இருக்கும் கீழ் பால் ஜாயின்ட்டுக்குப் பதில் இருக்கிற பித்தளை மாதிரி ஒரு கட்டி, உள்ளே மரை. செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் இருக்கிற மரை அதற்குள் போய் உட்காரும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அங்கே தேவை வழிந்து உள்ளே போகும் கெட்டி ஆயில், புத்தகத்தில் போட்டிருப்பது ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் மரையின் கீழ்ப்பள்ளம் வரை போகாது. மேலே கொஞ்சம் போய் நின்று, காய்ந்து, பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மழைத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. இரும்பு மரை துருப்பிடித்து, ஒரு பள்ளத்தில் கீறல் விழுந்து, ஒருநாள் முழு ஒடிப்பில் திருப்பும்போது அந்தக் கீறலில் முறியும். ஆக, சந்தேகத்துக்குப் பதில்: கிரீஸ் அடித்ததால்.

ஆயிலிலும் ஜி.எல். 4 என்று போட்டதையே பாருங்கள். ஜி.எல். 5-ல் சிலவற்றில் இருக்கிற மருந்து பித்தளை வகையறாவுக்கு ஆகாது.

மட்டமான டிசைன் என்று நினைக்க வேண்டாம், 1962-ல் வந்த லோட்டஸ் எலானின் முன்சக்கரத்திலும் இந்த ட்ரயம்ப் தண்டும் ட்ரன்னியனும்தான்.

மாருதி யோசனைக்கு: ஸ்பிட்ஃபயர் வீல் நாலு ஸ்டட், 3.75 அங்குல வட்டம், அதாவது 95.25 மி.மீ. மாருதி எதுவும் அதில் உட்காராது. உட்கார வைக்க அடாப்டர், அதைப் பிடிக்க பிராக்கெட், அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் அளவு பொருந்தாது. முடிக்கும்போது வண்டி ஸ்பிட்ஃபயராகவும் இருக்காது மாருதியாகவும் இருக்காது. 9 அங்குல டிஸ்க் 700 சொச்சம் கிலோ வண்டிக்குப் போதும்.

நாகமலை மஞ்சள்

சரி, இரண்டு ஞாயிறு போயிற்று. முன்பக்கம் முழுக்கத் தரையில்.

இந்த வண்டியில் ஒரு சுகம் உண்டு, பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், வெற்றிலை பாக்கு மட்டும்தான் குறை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த உருப்படி மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட், அவ்வளவுதான், முழுசாக வெளியே வந்துவிட்டது. நடுவில் இருக்கிற நட்டைத் தொடவில்லை. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் விடுபட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று இங்கே ஏற்கெனவே ஒருவர் எழுதியிருந்தார், புண்ணியவான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்கி வந்த பிறகுதான் அதைப் பிரித்தேன்.

ட்ரன்னியன்: கிரீஸ். கிரீஸ் என்றால் எப்படி, காய்ந்துபோன வெல்லப்பாகு. வலதுபக்கம் ஓரளவு தப்பித்திருக்கிறது. இடதுபக்கத் தண்டில் கீழ் மூன்று மரை செங்கல் நிறத்தில் அரித்துப்போய், நகத்தை வைத்தால் நகம் மாட்டுகிறது. 'டொக்' சத்தம் அங்கே இல்லை, அது நைலான் புஷ் தேய்ந்து போனது. சத்தம் போட்டது ஒன்று, சத்தமில்லாமல் சாகக் காத்திருந்தது இன்னொன்று. கீழ் விஷ்போனின் (சக்கரத்தைச் சேஸியோடு பிடிக்கிற கை) உள் ரப்பர் புஷ் கையில் எடுத்ததும் உதிர்ந்துவிட்டது, வேப்பம் புண்ணாக்கு.

இரண்டு தண்டும் இரண்டு ட்ரன்னியனும் இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டாயிற்று. கூரியரும் வரியும் சேர்ந்து சாமான் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, வீட்டில் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன்.

புஷ்ஷுக்கு ரப்பரா பாலியூரித்தேனா? அதையும் சொல்லுங்கள்.

கப்பலூர் டர்னர்

அரித்த தண்டை யாரிடமும் வெல்டிங் பிடிக்கவோ மரை திரும்ப வெட்டவோ கொடுத்துவிடாதீங்க. லேத் வைத்திருக்கிற நானே சொல்றேன். காசு கொடுத்தாலும் நான் செய்ய மாட்டேன்.

புஷ் ரப்பரே போதும். பாலி போட்டா பெயின்ட் காயாத புது ரோட்டில் சுகமா இருக்கும், நம்ம ரோட்டில் பல்லு ஆடும். பாலிக்குள்ள மசகு காய்ந்தா கீச்சு கீச்சுன்னு சத்தம் வேற.

எட்டாம் நம்பர் ஸ்பானர்

பாலி பற்றி டர்னர் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பிரீமியர் பத்மினி காரில் மூன்று வருடமாக ஓடுகிறது, கீச்சுமில்லை பல்லும் ஆடவில்லை. ஆனால் ஸ்டீயரிங் ராக்கைப் பிடிக்கிற இடத்திலும் ஆன்டி ரோல் பாரிலும் மட்டும் பாலி போட்டு, விஷ்போனுக்கு ரப்பர் போட்டால் இரண்டு பேர் சண்டையும் தீர்ந்துவிடும்.

அண்ணே, ஸ்பானர் எந்த அளவு வைத்திருக்கிறீர்கள்? இந்த வண்டி முழுக்க அங்குல மரை. 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். 13-ஐ வைத்து அரை அங்குலத்தை அழுத்தித் திருப்பினால் கொஞ்ச நாளில் நட்டு உருண்டை.

நாகமலை மஞ்சள்

அது தெரியாமல் ஏற்கெனவே இரண்டை உருட்டிவிட்டேன். விஷ்போனுக்கு ரப்பர், ராக்குக்கு பாலி, முடிவு.

பிரேக் பக்கம் வருவோம். கேலிப்பர் பிஸ்டன் வெளியே வரவேயில்லை. தெருமுனை பஞ்சர் கடையில் காற்று வைக்கலாமா? குழாயெல்லாம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் காப்பர் டியூப் வாங்கிப் போட்டால் துருவே பிடிக்காது என்று நண்பன் சொல்கிறான். சரியா?

ஹெரால்டு வீட்டுப் பிள்ளை

நண்பனை மாற்றுங்கள்! ஃப்ரிட்ஜ் காப்பர் பிரேக்குக்கு ஆகாது. அதிர்வில் இறுகி விரிசல் விடும், அதுவும் மிதிக்கிற அன்றைக்குத்தான் விடும். 3/16 அங்குல பிரேக் ஸ்டீல் டியூப், இல்லாவிட்டால் காப்பர் நிக்கல் பிரேக் டியூப். முனையை இரட்டை மடிப்பாக விரிக்கிற கருவி இருக்கிற ஆளிடம் கொடுங்கள், ஒற்றை மடிப்பு வேண்டாம்.

பஞ்சர் கடைக் காற்று வேலை செய்யும். ஆனால் இரண்டு பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விரலை நடுவில் வைத்தால் விரல் அங்கேயே இருக்கும். கேலிப்பரின் இரண்டு பாதியையும் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டாம், அவசியமே இல்லை.

முக்கியம்: சீலை, பக்கெட் வாஷரை, சிலிண்டரின் உள்பக்கத்தை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள். பட்டறையில் எல்லாரும் கழுவுவார்கள், பழக்கம். ஒரு சொட்டு உள்ளே தங்கினால் ரப்பர் ஊறிப் பெருத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். கழுவுவதும் புது பிரேக் ஆயிலில்தான், பூசுவதும் அதில்தான்.

கப்பலூர் டர்னர்

பிஸ்டனைக் கொண்டுவாங்க, பார்க்கிறேன். குரோம் பொத்தல் விட்டிருந்தா பாலிஷ் போட்டு ஏமாற்ற முடியாது, புது சீலை ஒரே மாசத்தில் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸில் கடைந்து தர்றேன். டிரம்மையும் எடுத்து வாங்க. டிஸ்க்கை மெஷினில் வைக்கிறதுக்கு முன்னாடி தடிமனை அளந்து பார்ப்பேன், கம்மியா இருந்தா புதுசுதான்.

சித்திரைத் திருவிழாவுக்கு நாலு நாள் பூட்டு, அழகர் மலைக்குத் திரும்பின பிறகு வாங்க.

நாகமலை மஞ்சள்

அழகர் திரும்பி, டர்னர் அண்ணனும் திரும்பி, பிஸ்டன் நாலும் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருக்கிறது, உள்ளே மறைத்து வைக்க மனசு வரவில்லை. பஞ்சர் கடைக் காற்றில் மூன்று பிஸ்டன் நல்ல பிள்ளையாக வந்தது, நாலாவது 'டப்' என்று மரத்தில் மோதியதில் கடைக்காரப் பையன் ரோட்டுக்கே ஓடிவிட்டான்.

இடதுபக்கம் இழுத்ததற்குக் காரணமும் தெரிந்தது: வலது கேலிப்பரின் ஒரு பிஸ்டன் அசையவே இல்லை, ஆக வலதுபக்கம் பேருக்குத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் சிலிண்டரில் உள்சுவரில் கோடு, அது முழுசாகப் புதுசு. பிரேக் ஆயில் டாட் 4.

இப்போது பின்பக்கம். ஒரு டிரம்மைக் கழற்றியதும் உள்ளே முழுக்க ஆக்சில் ஆயில், ஷூ ஊறிப்போய்க் கிடக்கிறது. சீல் மாற்ற, சக்கரம் மாட்டுகிற ஹப்பை எடுக்க வேண்டும், ஹப் அசைய மாட்டேன் என்கிறது. மூன்று கால் புல்லர் போட்டு இழுத்தேன், புல்லர்தான் வளைந்தது.

கவென்ட்ரி போன மதுரைக்காரன்

இந்த ஹப் விஷயத்தில் இங்கே கவென்ட்ரியில் இருக்கிற ஆட்களும் அழுவார்கள். டேப்பரில், அதாவது கூம்பு மாதிரி குறுகுகிற தண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஐம்பது வருடமாக. மூன்று கால் புல்லரால் ஹப்பின் விளிம்பு வளையும், அதோடு நிறுத்துங்கள். நாலு ஸ்டட்டிலும் மாட்டுகிற தடித்த தகடு, நடுவில் பெரிய போல்ட், அதுதான் வழி. நட்டை முழுசாகக் கழற்றாமல் நுனியில் விட்டு வையுங்கள், ஹப் பறந்து போகாமல் இருக்க. இறுக்கிவிட்டுத் தூங்கப் போங்கள்.

கப்பலூர் டர்னர்

தகடு நான் அடிச்சுத் தர்றேன், 20 மி.மீ.

நாகமலை மஞ்சள்

ராத்திரி இரண்டு மணிக்கு ஷெட்டில் வெடிச்சத்தம். பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது, நாய் எல்லாம் குரைத்தது, அம்மா சிலிண்டர் வெடித்துவிட்டது என்று எழுந்துவிட்டார். போய்ப் பார்த்தால் ஹப் அரை அங்குலம் நகர்ந்து நட்டில் தொங்குகிறது. இன்னொரு பக்கத்தை மட்டும் பகலில் இறுக்கினேன்.

வீல் சிலிண்டர் பற்றி யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். பின்பக்கம் ஒரு டிரம்முக்கு ஒரே ஒரு பிஸ்டன். அது ஒரு ஷூவைத் தள்ளும், எதிர்வினையில் சிலிண்டர் உடம்பு தானே பின்தட்டின் துவாரத்தில் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். என் வண்டியில் இரண்டு சிலிண்டரும் துருவோடு தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன, ஆக ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு ஷூ வாழ்நாள் முழுக்கச் சும்மா இருந்திருக்கிறது, லைனிங்கில் தேய்மானமே இல்லை. துருவைத் தேய்த்து, கையால் தள்ளினால் நகர்கிற வரை சரி செய்தேன். ஹேண்ட்பிரேக் பிடிக்காததற்கும் இதே காரணம்.

அடுத்து கமான். குறுக்கே போகிற பெரிய பட்டைக் கமான், டிஃபரன்ஷியல் தலையில் உட்கார்ந்திருக்கிறது. தொய்ந்துவிட்டது. லாரிக்குக் கமான் அடிக்கிற பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, "இன்னொரு பட்டை சேர்த்துவிடுறேன் தம்பி, ஜென்மத்துக்கும் தொய்யாது" என்றார். சேர்க்கலாமா?

ஹெரால்டு வீட்டுப் பிள்ளை

வேண்டாம் வேண்டாம் வேண்டாம்.

இது லாரி இல்லை. லாரியில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே கட்டை ஆக்சில், பின்பக்கம் எவ்வளவு தூக்கினாலும் சக்கரம் நேராகவே நிற்கும். இதில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஆக்சில், டிஃபரன்ஷியல் பக்கத்தில் மட்டும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், பறவை இறக்கை மாதிரி அடிக்கும். வண்டி உயர்ந்தால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே போகும். அந்த நிலையில் ஒரு வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்சிலரேட்டரை விட்டீர்கள் என்றால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிச்சக்கரம் இன்னும் உள்ளே மடியும், அப்புறம் வண்டியின் பின்பாதி உங்களை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். ட்ரயம்ப் காரர்களே இதற்காக 1970-ல் மார்க் 4-ல் கமானின் நடுப்பகுதியை ஆடுகிற மாதிரி மாற்றினார்கள். உங்களுடையது மார்க் 3, அந்தத் திருத்தம் இல்லாதது.

நம்ம ஊரில் வேறு வழியில் தீர்த்தார்கள், 1972-ல் ஹெரால்டுக்குப் பதில் கேசல் வந்தபோது பின்னால் சாதாரணக் கட்டை ஆக்சிலே போட்டுவிட்டார்கள்.

இருக்கிற பட்டைகளையே பிரித்து, சுத்தம் செய்து, பழைய வளைவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பட்டைக்கு நடுவில் இருக்கிற சின்ன ரப்பர் பொத்தான்களைத் தூக்கிப் போட்டுவிடப் போகிறார், ஜாக்கிரதை.

நாகமலை மஞ்சள்

ஏற்கெனவே தூக்கிப் போட்டுவிட்டார். குப்பையில் தேடி எடுத்து, மாதிரிக்கு வைத்துப் புதுசு செய்தேன். "பொத்தான் இல்லாம எத்தனை லாரி ஓடுது" என்று அவர் இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

---

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாம் மாட்டியாயிற்று. புதுத் தண்டு, புது ட்ரன்னியன், ஈபி 90. இரண்டு பக்கமும் மரை எதிரெதிர், மாற்றிப் போட முடியாது. கடைசி வரை முறுக்கி, ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திரும்ப விட்டேன், அப்போதுதான் இரண்டு பக்கமும் முழுசாக ஒடிக்கும்போது முட்டாது. முன் ஹப் பேரிங்கை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்தி, டயல் கேஜ் வைத்து அளந்து, 2 முதல் 8 'தௌ'வுக்குள் (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆட்டம் வைத்தேன். பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுப்பது தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி, தங்கச்சி பெடலில், நான் அடியில். "மிதி... பிடி... பிடிச்சுக்கோ... விடு" என்று தெருவே கேட்டது.

ஆனால் இரண்டு பிரச்சினை. ஒன்று, எல்லாம் புதுசு, சொட்டு ஒழுக்கு கிடையாது, ஆனாலும் பெடல் பஞ்சு மெத்தை. ஒரு லிட்டர் ஆயில் ஏர் எடுத்தே போயிற்று. இரண்டு, முன்பு வாத்து மாதிரி இருந்த பின்பக்கம் இப்போது வெட்டுக்கிளி. பின்னால் தூக்கிக்கொண்டு, சக்கரம் அடியில் உள்ளே மடிந்து நிற்கிறது. பட்டை சேர்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறேன்.

எட்டாம் நம்பர் ஸ்பானர்

பின் ஷூவின் அட்ஜஸ்டர் இறுக்கினீர்களா? அது தளர்வாக இருந்தாலும் பெடல் அடியில் போகும்.

நாகமலை மஞ்சள்

இறுக்கினேன். சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கி, ஒரு கிளிக் திருப்பி விட்டேன்.

கவென்ட்ரி போன மதுரைக்காரன்

முன் கேலிப்பரில் ஏர் எடுக்கிற நிப்பிள் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா? இப்போதே போய்ப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

நாகமலை மஞ்சள்

கீழே.

கவென்ட்ரி போன மதுரைக்காரன்

இடதை வலதில் மாட்டியிருக்கிறீர்கள் :)

காற்று மேலே போய்த் தங்கும், நீங்கள் கீழே திறந்து ஆயிலை மட்டும் வெளியேற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு லிட்டர் இல்லை, ஒரு டேங்கர் ஊற்றினாலும் அந்தக் காற்று வராது.

நாகமலை மஞ்சள்

குழாய் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு வந்தது, புதுக் குழாய் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். என்ன சொல்ல.

சந்தேகப் பிராணி

மனம் தளராதீர்கள், என் அண்ணன் ஒருமுறை மிக்ஸி ஜாரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்.

ஹெரால்டு வீட்டுப் பிள்ளை

வெட்டுக்கிளிக்கு வருகிறேன். பின்பக்க போல்ட்டுகளை எப்போது கடைசியாக இறுக்கினீர்கள், வண்டி ஜாக்கி ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போதா, தரையில் நிற்கும்போதா?

நாகமலை மஞ்சள்

ஸ்டாண்டில். அடியில் படுத்து வசதியாக இறுக்கலாமே என்று.

ஹெரால்டு வீட்டுப் பிள்ளை

அதுதான். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்குகிற நிலையில் இறுக்கினால் அதுதான் தன் இயல்பு நிலை என்று புஷ் எடுத்துக்கொண்டு, வண்டி இறங்கும்போதெல்லாம் கூடுதல் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கமான் கண், ஷாக் அப்சார்பர், ரேடியஸ் ஆர்ம், முன்பக்க விஷ்போன், எல்லாவற்றையும் தளர்த்துங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டுங்கள், ஜாக்கியில் இறக்கிய உடனே இந்த ஆக்சில் சரியான இடத்துக்கு வராது, டயர் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் வரும். அப்புறம் இரண்டு சீட்டிலும் ஆள் பாரம் வைத்துவிட்டு இறுக்குங்கள். சர்வீஸ் புத்தகத்தில் சீட்டுக்கு 150 பவுண்டு, நம்ம கணக்கில் 68 கிலோ.

நாகமலை மஞ்சள்

இந்த ஞாயிறு முடிந்தது.

அரிசிப் பை முன்னே 25 கிலோ, ஜி.எஸ்.டி.க்குப் பிறகு 26. டிரைவர் சீட்டில் இரண்டு பை, 52. மீதி 16-க்கு அக்கா மகன், ரேஷன் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், சரியாகப் பதினாறு. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஹாரன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்துச் சீட்டில் இன்னும் இரண்டு பை, மேலே 20 லிட்டர் தண்ணீர் கேன், நாலு கிலோ கூடுதல், மன்னித்துவிடுங்கள். இறுக்க இறுக்க வண்டி கண் எதிரே உட்கார்ந்தது. அலைன்மென்ட் கடை மெஷினில் ஸ்பிட்ஃபயர் பெயரே இல்லை, ஆகவே இரண்டு பக்கமும் நூல் கட்டி, முன்சக்கரத்தை நேர்கோட்டுக்கும் 1/16 அங்குல உள்வாங்கலுக்கும் நடுவில் வைத்தேன். கேம்பருக்கு, அதாவது சக்கரம் சாய்கிற கோணத்துக்கு, கொத்தனாரின் தூக்குக்குண்டு.

கேலிப்பர் இடம் மாறியதும் பத்து நிமிடத்தில் ஏர் போய்விட்டது. பெடல் இப்போது கல்.

டயர் பற்றியும் ஒரு வரி. பழைய 145 எஸ்.ஆர். 13 என்றால் இன்றைய 145/80 ஆர்13, சின்னக் காருக்குப் போடுகிற அளவுதான், எந்த டயர் கடையிலும் இருக்கிறது.

சந்தேகப் பிராணி

ஓட்டிப் பார்த்தீர்களா இல்லையா?

நாகமலை மஞ்சள்

முதலில் விளாச்சேரி ரோட்டில் காலை ஐந்தரைக்கு, ஆளில்லாத இடத்தில், 20, 40, 60 என்று பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். கையை ஸ்டீயரிங்கிலிருந்து லேசாக எடுத்தாலும் நேராக நிற்கிறது. வீட்டுக்கு வந்து எல்லா நட்டையும் மறுபடி தொட்டுப் பார்த்தேன், ஒரு ஷாக் அப்சார்பர் நட்டு அரைச்சுற்று இறங்கியது.

மறுவாரம் சிறுமலை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஏறினால் 18 கொண்டை ஊசி. ஏறும்போது சுகம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டேன், ஆனாலும் பத்தாவது வளைவு தாண்டியதும் லேசாக பேட் வாசனை வந்தது. நிறுத்திப் பார்த்தேன், பெடல் மாறவில்லை. பழைய ஆயில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் வயிறு கலங்கியது. டாட் 4 புதுசாக 230 டிகிரி வரை கொதிக்காது, தண்ணீர் குடித்தபின் 155-தான் என்பதெல்லாம் டப்பாவில் படித்ததுதான், மலை இறக்கத்தில் நினைவுக்கு வந்தால் வேறு மாதிரி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றப்போகிறேன்.

ஒரு வளைவில் எதிரே பஸ், பழக்கதோஷத்தில் ஆக்சிலரேட்டரை விட்டேன். பின்பக்கம் ஒரு சின்னக் குலுக்கல். ஹெரால்டு வீட்டுக்காரர் எழுதியது அதுதான் என்று உடம்புக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை மெல்ல அழுத்தியபடியே போனேன்.

மிச்சம் இருப்பது: வலது ட்ரன்னியன் சொட்டுச் சொட்டாக ஆயில் கசிகிறது, அடியில் டால்டா டப்பா மூடி வைத்திருக்கிறேன். ஹேண்ட்பிரேக் கேபிள் இன்னும் ஒரு பல் இறுக்க வேண்டும்.

வாடிப்பட்டி கேசல்

புது ஆள், இப்போதுதான் முழுசாகப் படித்தேன். என்னிடம் 1974 கேசல் இருக்கிறது. பின்னால் கட்டை ஆக்சில்தான், சரி. முன்னால் எனக்கும் இந்த ட்ரன்னியன் உண்டா? பன்னிரண்டு வருடமாக கிரீஸ் அடிக்கிறேன்.

ஹெரால்டு வீட்டுப் பிள்ளை

உண்டு. இன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

நாகமலை மஞ்சள்

வாடிப்பட்டி அண்ணே, நாகமலை பக்கம்தான். ஜாக்கி ஸ்டாண்ட், 9/16, மிச்ச ஈபி 90 எல்லாம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், வெயில் ஏறுவதற்குள் இடதுபக்கத்தையாவது பிரித்துப் பார்த்துவிடலாம்.